எத்தனை லிட்டருங்க?

ஒரு தடவைதான் காட்டுமாம். மூடிவிட்டால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் அந்த ரகசியச் சாவி திரும்பக் கண்ணில் படாதாம். மெர்சி போனில் ரெண்டு தடவை சொன்னாள், சாந்தாமணியும் ரெண்டு தடவை "சரிங்க, சரிங்க" என்றாள், என்றுவிட்டு டக்கென்று மூடிவிட்டாள். அட, வேண்டுமென்றா மூடினாள்? ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி இருந்தது, கை போயிற்று, அமுக்கியது, அவ்வளவுதான். கூறு கெட்ட கை. "பரவால்ல மேடம், அதை டெலீட் பண்ணிட்டுப் புதுசா ஒண்ணு எடுத்துக்கலாம், அவசரமே இல்ல" என்று சென்னையிலிருந்து மெர்சி சொல்கிறாள். அவசரமே இல்லை என்கிற குரலில்தான் எத்தனை அவசரம். பாவம், அவளுக்கும் இன்றைக்கு இப்படி எத்தனை கடைக்காரர்களோ, எத்தனை கூறு கெட்ட கைகளோ. கடை என்றால் சாந்தாமணியின் கடைக்குப் பலகையும் கிடையாது, ஷட்டரும் கிடையாது. கோயமுத்தூர் கணபதியில் லேத்துப் பட்டறைச் சந்துக்குள் ஒரு வாடகை வீடு, அதன் முன்னறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவர் முழுக்க வெட் கிரைண்டர் பெல்ட்டும் வாசரும் ரோலரும் தேங்காய்த் துருவியும். மற்றபடி கடை இன்டர்நெட்டில்தான். வருகிற ஆர்டரையெல்லாம் மெர்சியின் கம்பெனிதான் கூரியரில் அனுப்பிக் கொடுக்கிறது. இத்தனை நாளும் முகவரியைச் சாந்தாமணி ஒவ்வொன்றாக அவர்கள் பக்கத்தில் தட்டிக் கொடுத்தாள். திங்கட்கிழமையிலிருந்து அது செல்லாதாம். அவள் கடையும் அவர்கள் சிஸ்டமும் நேராகப் பேசிக்கொள்ள வேண்டுமாம். "ஏபிஐன்னா ஒண்ணுமில்ல மேடம், ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு கதவு மாதிரி. சாவி குடுத்துட்டா ஆர்டர் வந்த உடனே சிஸ்டமே எடுத்துக்கும், கஸ்டமருக்கு மெசேஜ் அனுப்பி கன்ஃபார்ம் பண்ணிக்கும், லேபிளும் அடிச்சிக் குடுத்துடும். நீங்க பண்றதுக்கு ஒண்ணுமே இருக்காது." நல்ல சேதி சொல்கிற மாதிரிதான் சொன்னாள். மணி ரெண்டே முக்கால். அஞ்சு மணிக்குள் முடித்தாக வேண்டும், நாளையும் மறுநாளும் மெர்சி லீவு.

ஒண்ணுமே இருக்காது. அதைத்தான் நாக்கு திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறது. பட்டறைப் பக்கமிருந்து இரும்பு சீவுகிற சத்தம், மேசைக்கடியில் காலில் உரசுகிற ரப்பர் பெல்ட் கட்டு, மதியம் சாப்பிட்ட கத்தரிக்காய்ப் பொரியலின் ஏப்பம். புதுச் சாவி செய்ய எந்தப் பக்கம் போவது என்று மெர்சி சொல்லிக்கொண்டு போகிறாள், செட்டிங்ஸ், அதுக்குள்ள டெவலப்பர், அதுக்குள்ள கீஸ். கை போகிறது, மனசு வேறெங்கோ போகிறது. கன்ஃபார்ம் பண்ணிக்கும் என்கிறாளே, என்னத்தைக் கன்ஃபார்ம் பண்ணும்? பெல்ட் ஆர்டர் போடுகிற பத்துப் பேரில் ஏழு பேர் தப்பாகத்தான் போடுவார்கள், இது அந்த மிஷினுக்குத் தெரியுமா? ரெண்டு லிட்டர் கிரைண்டருக்கு ஒண்ணே கால் லிட்டர் பெல்ட்டைப் போட்டுவிட்டுச் சேரவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அதனால்தான் ஆர்டர் வந்தால் கூப்பிடுவது. வணக்கமுங்க, கிரைண்டர் ஸ்பேர்ஸ்லிருந்து பேசறனுங்க, பெல்ட் போட்டிருக்கீங்க, உங்க கிரைண்டர் எத்தனை லிட்டருங்க? கல்லு ரெண்டா மூணுங்களா? பழைய பெல்ட் மேல நம்பர் இருக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா? அப்புறம் அவர்கள் போனை வைக்காமலே போய்க் கிரைண்டரைக் கவிழ்ப்பார்கள், பாத்திரம் உருளும், யாரையோ டார்ச் கொண்டுவா என்பார்கள், அந்த நேரமெல்லாம் சாந்தாமணி அந்த வீட்டுக்குள்தான் இருப்பாள். தூத்துக்குடியில் ஓர் அம்மா நம்பரைத் தேடுகிற நேரத்தில் மருமகளைப் பற்றி முழுக்கதையும் சொல்லி முடித்தார். நெய்வேலியில் ஒருத்தர் ரிட்டையரானவர், பெல்ட் கையில் கிடைத்த பிறகும் கூப்பிட்டு மாட்டியாச்சும்மா, ஓடுதும்மா என்று சத்தத்தைக் கேட்கவைத்தார். ஒரு நாளைக்கு எட்டுப் போன், பத்துப் போன். அது இல்லாவிட்டால் இந்த வீட்டில் குக்கர்தான் சத்தம் போட வேண்டும். பால்காரர்கூட இப்போது பாக்கெட்டைப் பையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். அவள் கடைசியாக நேருக்கு நேர் ஒருத்தரிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியது எப்போது? கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம். அதுவும் செவ்வாய்க்கிழமை.

"மேடம், இருக்கீங்களா?" "இருக்கறனுங்க." "சாவியைக் காப்பி பண்ணி எங்க பக்கத்துல ஒட்டிட்டீங்களா? கனெக்ட் குடுங்க." கொடுத்தாள். சிவப்பில் ஒரு வரி வந்தது. அனுமதி மறுக்கப்பட்டது. நானூற்றி ஒண்ணு என்று ஒரு எண் வேறு. அட சாமி. என்னமோ திருடப் போன இடத்தில் பிடித்துவிட்ட மாதிரி நெஞ்சு திக்கென்றது. பெரியப்பாவின் முகம், அன்னூர் மண்டபத்தில் கையை இப்படி லேசாகக் குறுக்கே நீட்டியபடி, சாந்தா, நீ கொஞ்சம் இப்படி வா கண்ணு. எத்தனை அன்பாகச் சொன்னார். அன்பாகச் சொன்னதுதான் ஆறவில்லை. வேண்டாம், அங்கே போகாதே, சிவப்பு வரியைப் பார். "கடைசியில ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வந்திருக்கும் மேடம். நிறையப் பேருக்கு இதான் ஆகும். அதை மட்டும் எடுத்துட்டு மறுபடியும் பாருங்க." பார்த்தால் ஒன்றுமே இல்லை, வெறும் இடம். அந்த இடமும் ஓர் எழுத்துத்தானாம் அதற்கு. ஒன்றுமே இல்லாததையும் எண்ணிக்கொண்டு நீ யாரோ போ என்று சொல்லிவிடுகிறது. எடுத்தாள். ஆனால் கனெக்ட்டை அமுக்கவில்லை, தண்ணி குடிச்சுட்டு வந்தர்றனுங்க என்று போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். தண்ணீர் மேசை மேலேயேதான் இருந்தது. மெர்சிக்கு அது தெரியவா போகிறது.

எதற்கு இந்த இழுப்பு என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஒன்பதாயிரத்து முப்பத்தெட்டாம் நம்பர் ஆர்டர். காலை பத்து மணிக்கு வந்தது. சுகந்தி நந்தகோபால், ஓசூர். பெல்ட் ஒன்று. இன்னும் கூப்பிடவில்லை. மற்ற ஆறு பேரையும் கூப்பிட்டுப் பேசி முடித்தாயிற்று, ஓசூரை மட்டும் எப்போதும்போலக் கடைசிக்கு வைத்திருந்தாள், சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு, மூணு மணிக்கு, வேறு எந்தச் சோலியும் குறுக்கே வராத நேரத்துக்கு. நந்தகோபால் அவள் தம்பி, சுகந்தி அவன் பொண்டாட்டி. கூடப்பிறந்த ஒரே தம்பி. பேசி ஒன்பது வருசம் ஆகிறது. அப்படித்தான் ஒறம்பரை சனமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறது, பேசி ஒன்பது வருசம் என்று. ஆனால் பதினேழு தடவை பேசியாயிற்று. ரெண்டு வருசமாக. வாசர் செட், ரோலர், துருவி ஒண்ணு, மிச்சமெல்லாம் பெல்ட். முதல் ஆர்டரில் பேரைப் பார்த்தபோது வேற யாரோ நந்தகோபால் என்றுதான் நினைத்தாள், ஊரில் ஒரே நந்தகோபாலா? வணக்கமுங்க, கிரைண்டர் ஸ்பேர்ஸ்லிருந்து பேசறனுங்க என்றாள். அந்தப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு "சொல்லுங்க" என்றது. அந்தச் செருமல். பேச்சுப் போட்டிக்கு மேடையேறும்போதெல்லாம் செருமுவானே, கீழே உட்கார்ந்திருக்கிற இவளும் கூடவே செருமுவாளே, அதே செருமல். போனை வைத்துவிடலாமா என்று கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போயிற்று. வாய் என்னவோ பழக்கத்தில் கேட்டுவிட்டது. உங்க கிரைண்டர் எத்தனை லிட்டருங்க? மறுபடியும் ஒரு செருமல். அப்புறம், "ரெண்டு லிட்டருங்க." கல்லுங்க? "மூணுங்க." அன்றைக்குப் போனை வைத்த பிறகு அரை மணி நேரம் அந்த மூணு கல்லையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூணு கல் என்றால் மாவு நன்றாகப் பொங்கும். நல்ல கிரைண்டராகத்தான் வாங்கியிருக்கிறான்.

அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? இதுதான் ரெண்டு வருசமாகச் சுற்றுகிற சுற்று. கடைக்கு அவள் பெயர் கிடையாது. போன் நம்பரும் புதுசு. குரல்? குரல்தான் நாலு வருசத்துக்கு முன்னால் தைராய்டு ஆபரேஷனோடு போயிற்றே. பழைய குரலில் பாதிகூட இல்லை, கரகரவென்று ஆம்பளைக் குரலா பொம்பளைக் குரலா என்று அவளுக்கே சந்தேகம். ஒருத்தர் சாருங்க என்றே பேசி முடித்தார். அப்படியிருக்க அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அவன் பாட்டுக்குப் பெல்ட் வாங்குகிறான். சரி, பதினேழு தடவையா? மோட்டார் கோணலாக இருந்தால் பெல்ட்டைத் தின்னும், அது உண்டு. கப்பி தேய்ந்திருந்தாலும் தின்னும். போன தீபாவளிக்கு முன்னால் அதைக்கூடக் கேட்டாள், ஏனுங்க, மாசத்துக்கு ஒண்ணு போவுதே, கிரைண்டரை ஓடவிட்டுப் போனைக் கிட்ட வையுங்களேன், சத்தத்தை வெச்சே சொல்லிருவன். "இப்பக் கரண்டு இல்லீங்க" என்றான். ஓசூரில் மழை போலிருக்கிறது. தெரிந்தால் அக்கா என்று ஒரு வார்த்தை வராதா? வராது, ரோசக்காரன். இவள் மட்டும் என்ன, வாய் திறந்து தம்பி என்றாளா? இவளுக்குப் பயம். இது ரோசமில்லை, வெறும் பயம். நான்தான்டா என்று சொல்லிவிட்டு, அவன் நிஜமாகவே பெல்ட்டுக்காகத்தான் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தான் என்றால்? ஓ, நீயா என்று வைத்துவிட்டால்? அப்புறம் அந்த எத்தனை லிட்டருங்களும் போய்விடும். இருக்கிற ஒண்ணும் போய்விடும். அதனால் கேள்விகளை மட்டும் கூட்டிக்கொண்டே போனாள். ஒரு பெல்ட்டுக்கு யாரும் கேட்காத கேள்வியெல்லாம். மாவு எத்தனை பேருக்கு அரைப்பீங்க? "மூணு பேருக்குங்க." உளுந்து முதல்லயா அரிசி முதல்லயா? கிரைண்டரை எங்க வெச்சிருக்கீங்க, ஈரமான இடமுங்களா? "இல்லீங்க, ஜன்னல் பக்கத்துல." ஒரு தடவை பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தை, அப்பா யாருப்பா போன்ல என்றது. பெல்ட்டுக் கடை, சாமி என்று மகளிடம் சொன்னான். பெல்ட்டுக் கடை. அன்றைக்குச் சாந்தாமணி அழுதாள் என்று சொன்னால் அது பொய், சிரித்தாள். சிரித்துவிட்டுத்தான் அழுதாள். குழந்தை பேர்கூடத் தெரியாது. அதை எப்படிக் கேட்பது, பெல்ட் அளவுக்கும் குழந்தை பேருக்கும் என்ன சம்பந்தம்?

"மேடம்?" மேசை மேலிருந்து மெர்சி. "வந்துட்டனுங்க, வந்துட்டன்." உட்கார்ந்து கனெக்ட்டை அமுக்கினாள். சிவப்பு வரவில்லை. நீங்கள் யார் என்று கேட்டது, சாவியைப் பார்த்தது, பச்சையாக ஒரு டிக் போட்டுவிட்டது. ரெண்டு நொடி. ஒன்பது வருசமாக மனுசர் ரெண்டு பேருக்கு வாய் வரவில்லை, மிஷினுக்கு ரெண்டு நொடி, கெரகம். "சூப்பர் மேடம். இப்ப பெர்மிஷன் லிஸ்ட் வரும், படிச்சுப் பார்த்துட்டு அலவ் குடுங்க." படித்தாள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஆனால் படித்துவிடுவாள். வாடிக்கையாளர் பெயர், முகவரி, போன் நம்பர் பார்க்கலாமா? பாரு. ஆர்டரை மாற்றலாமா? மாற்று. உங்கள் சார்பில் செய்தி அனுப்பலாமா? அங்கே கண் நின்றது. உங்கள் சார்பில். அவள் சார்பில் இந்த உலகத்தில் யார் என்ன பேசியிருக்கிறார்கள்? புருசன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு உட்கார்ந்துவிட்டபோது பேச ஆளில்லை, சரி, அது போகட்டும். ஆனால் அந்த மண்டபம். நந்துவின் கல்யாணத்துக்கு இணைச்சீர் செய்ய அவள்தானே நிற்க வேண்டும்? மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள்தானே பக்கத்தில் நின்று அந்தச் சீரைச் செய்வாள், சேலையின் ஒரு நுனி அவனிடமும் ஒரு நுனி அவளிடமுமாக, இவன் என் தம்பி, நான் இவன் அக்கா என்று ஊரே பார்க்க? அதற்கென்றே மாம்பழக் கலரில் பட்டு எடுத்து, ரவிக்கை தைத்து, பூவும் வைத்துக்கொண்டுதான் வந்து நின்றாள். பெரியப்பா கையைக் குறுக்கே நீட்டினார். முறைன்னு ஒண்ணு இருக்குதல்லோ கண்ணு, வாழ்ந்துட்டு இருக்கறவ செய்யோணும், நம்ம வளர்மதி செய்யட்டும். வளர்மதி பெரியப்பாவின் மகள். அவள் என்ன செய்வாள் பாவம், தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றாள். சாந்தாமணி பெரியப்பாவைப் பார்க்கவில்லை. வளர்மதியையும் பார்க்கவில்லை. நந்துவைப் பார்த்தாள். அம்மா செத்த பிறகு மோட்டார் கம்பெனியில் செம்புக்கம்பிக் காயில் சுற்றிவிட்டு வந்து சுற்றின விரலோடு அவனுக்குச் சோறு ஊட்டினவள் அவள். ஒரு வார்த்தை. எங்கக்காதான் செய்யும் என்று ஒரே ஒரு வார்த்தை. அவன் மாலையைச் சரிசெய்துகொண்டு கீழே பார்த்தான். அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, அன்னூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். பஸ்ஸில் எல்லாரும் அந்தப் பட்டுச்சேலையைப் பார்த்தார்கள்.

"...அதனால பெண்டிங்ல ஏதாவது இருந்தா முன்னாடியே முடிச்சிடுங்க மேடம், இல்லன்னா சிஸ்டமே எடுத்துக்கும், ஓகேவா?" மெர்சி எதையோ சொல்லி முடித்திருந்தாள். காதில் விழுந்தது. ஆனால் மனசுக்குள் பஸ் இன்னும் கோயில்பாளையம் தாண்டவில்லை, ஜன்னலோரம் காற்று அடித்துக்கொண்டிருந்தது, ஒரு கையால் பூவைப் பிய்த்து வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். "சரிங்க" என்றாள். அலவ்வை அமுக்கினாள். "கங்கிராட்ஸ் மேடம், கனெக்ட் ஆயிடுச்சு. பழைய ஆர்டரெல்லாம் எங்க பக்கம் வந்து சிங்க் ஆக அரைமணி நேரம் ஆகும். சிஸ்டத்தை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க. வச்சிடறேன்." வைத்துவிட்டாள். அவளுக்கும் கங்கிராட்ஸ் சொல்லியிருக்கலாம், இவளுக்குத் தோன்றவில்லை. திரையில் ஒரு நீலக்கோடு மெல்ல நகர ஆரம்பித்தது, அதன் கீழே ஒவ்வொரு ஆர்டராக ஒரு நொடி மின்னிவிட்டுப் போனது. மூணு மணி அஞ்சு. சரி, இப்போது ஓசூரைக் கூப்பிடலாம். கடைசித் தடவை. அடுத்த மாசம் ஆர்டர் வந்தால் அதுவே மெசேஜ் அனுப்பிக்கொள்ளும், எத்தனை லிட்டர் என்றுகூடக் கேட்காது. கடைசித் தடவை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? இனிமே நாங்க கூப்பிட மாட்டோமுங்க, எல்லாம் கம்ப்யூட்டருங்க. சொன்னால் அவன் என்ன சொல்வான், சரிங்க என்பான். அந்தச் சரிங்கவைக் கேட்டுவிட்டு எப்படிப் போனை வைப்பது? சொல்லாமலே விட்டுவிட்டால்? எப்போதும்போலக் கேட்டுவிட்டு, எப்போதும்போல வைத்துவிட்டு, அப்புறம் சும்மா இருந்துவிட்டால்? போனை எடுத்தாள், நம்பரைத் தேடினாள், கண் திரைக்குப் போயிற்று. புதுசிலிருந்து பழசுக்குப் போகிறது போலிருக்கிறது. ஒன்பதாயிரத்து முப்பத்தேழு. முப்பத்தாறு. அப்படியென்றால் முப்பத்தெட்டு? முப்பத்தெட்டு போய்விட்டதா?

போய்விட்டது. பட்டியலில் முதல் வரி அதுதான். சுகந்தி நந்தகோபால், ஓசூர், உறுதிப்படுத்தல் செய்தி அனுப்பப்பட்டது, மூணு மணி நாலு நிமிசம். சாந்தாமணிக்கு அப்போதுதான் மெர்சி சொன்னது நிஜமாகக் காதில் விழுந்தது, பெண்டிங்ல ஏதாவது இருந்தா முன்னாடியே முடிச்சிடுங்க மேடம். ஐயோ. ஐயையோ. சொன்னாளே, தமிழில்தானே சொன்னாள். சரிங்க என்று வேறு சொன்னேனே. நிறுத்த முடியுமா? ஸ்டாப் என்று எங்காவது இருக்குமா? தேடினாள், நீலக்கோடுதான் இருந்தது, நகர்ந்துகொண்டே இருந்தது. மெர்சியைக் கூப்பிட்டாள், எங்கள் ஊழியர்கள் அனைவரும் பிஸியாக உள்ளனர் என்று ஒரு பாட்டுப் போட்டார்கள். என்ன செய்தி அனுப்பியிருக்கும்? அதையும் காட்டியது. அன்பான வாடிக்கையாளரே, உங்கள் ஆர்டரை உறுதி செய்ய ஒன்றை அழுத்தவும், ரத்து செய்ய ரெண்டை அழுத்தவும். அன்பான வாடிக்கையாளரே. அவள் சார்பில் அதுதான் பேசியிருக்கிறது தம்பியிடம். இந்நேரம் அவன் கையில் போன் இருக்கும். கம்பெனியில் இருப்பான், ஷிப்டு. மூணு மணிக்கு எங்கே இருந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவானே, எப்படி? பதினேழு தடவையும் முதல் மணியில். அதை இதுவரைக்கும் யோசித்ததே இல்லையே அவள். வேறு யார் முதல் மணியில் எடுக்கிறார்கள்? தூத்துக்குடி அம்மா எட்டாவது மணியில்தான் எடுப்பார். இல்லை, போன் கையிலேயே இருக்கிற வேலையாக இருக்கலாம். இருக்கலாம். ஒன்றை அழுத்திவிடு நந்து. அழுத்திவிட்டால் பெல்ட் வந்துவிடும், நான் என் கையால் கட்டி அனுப்புகிறேன். ஒன்றை அழுத்து. கோடு பாதி தாண்டியிருந்தது, நாலாயிரத்துச் சொச்சம், தெரிந்த பேரெல்லாம் மின்னி மின்னிப் போனது, நெய்வேலி போயிற்று, காரைக்குடி போயிற்று, டார்ச் அடித்து நம்பர் பார்த்த வீடுகளெல்லாம் வரிசையாகப் போயின, நடுநடுவே ஓசூர், மறுபடியும் ஓசூர், மறுபடியும். லேத்துச் சத்தம் நின்றிருந்தது, டீ நேரம். கூப்பிட்டுவிடேன், இப்போதே கூப்பிட்டால் என்ன? என்னவென்று கூப்பிடுவது, மெசேஜ் வந்துருச்சுங்களா என்றா? அவன் வந்துருச்சுங்க என்பான். முடிந்தது கதை. அப்புறம் கேட்க ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் மிஷின் கேட்டுவிட்டது.

மூணு இருபதுக்கு முதல் வரி நிறம் மாறியது. பச்சையாக மாறும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள், சாம்பல் நிறமாக மாறியது. ரத்து. வாடிக்கையாளர் ரத்து செய்தார். சாந்தாமணி அந்த வரியைத் தொட்டுப் பார்த்தாள், விரலால், திரை மேலேயே. பதினேழு தடவை ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பாதவன். சரிதான், பெல்ட்டுக்குத்தான் ஆர்டர் போட்டிருக்கிறான், வேற கடையில் சீக்கிரம் கிடைத்திருக்கும், இத்தனை நாள் நீதான் பைத்தியக்காரி மாதிரி மூணு கல்லையும் ஜன்னல் பக்கத்தையும் மனசில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டே அந்த வரியை அமுக்கினாள். உள்ளே விவரம் திறந்தது. ரத்துக்கான காரணம் என்று நாலு வரி, விலை அதிகம், தவறுதலாக ஆர்டர் செய்துவிட்டேன், வேறு இடத்தில் வாங்கிவிட்டேன், வேறு காரணம். கடைசியில்தான் டிக் இருந்தது. பக்கத்துப் பெட்டியில் அவன் தமிழில் தட்டியிருந்தான்.

போன் வரலைங்க.

ரெண்டே வார்த்தை. அதைப் படித்தாள், மறுபடியும் படித்தாள், வாய்விட்டு ஒரு தடவை படித்தாள். யார் போன் வரவில்லை என்று எழுதியிருக்கிறான்? கடையின் போனா, இவளுடைய போனா? மறுபடியும் அதே சுற்றுத்தானா, ரெண்டு வருசமாகச் சுற்றின சுற்று போதாதா? பெல்ட் வேண்டுமென்றால் ஒன்றை அழுத்தியிருப்பான். வேண்டாமென்றால் ரெண்டை அழுத்திவிட்டுப் பேசாமல் இருந்திருப்பான், காரணம் சொல்லு என்று அவனை யார் கழுத்தைப் பிடித்தார்கள்? இப்போது ஆர்டரும் இல்லை. கூப்பிட ஒரு சாக்கும் கிடையாது. கிரைண்டர் ஸ்பேர்ஸ்லிருந்து பேசறன் என்று சொன்னால் எந்த ஸ்பேருக்கு என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு. சாந்தாமணி எழுந்து கதவைச் சாத்தினாள், எதற்குச் சாத்தினாள் என்று தெரியவில்லை, கேட்க யார் இருக்கிறார்கள்? நின்றுகொண்டே நம்பரை அமுக்கினாள்.

முதல் மணி முழுசாக அடிக்கவில்லை. "சொல்லுங்க" என்றது, செருமிக்கொண்டு.

நாக்கு நுனிக்கு அந்தப் பழைய கேள்விதான் வந்தது, எத்தனை என்று பாதிகூட வந்துவிட்டது. முழுங்கினாள். சுவரில் தொங்குகிற பெல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டு, இந்தக் கரகரத்த குரல் அவனுக்கு அடையாளம் தெரியாமல் போனாலும் போகட்டும் என்று, "நந்து" என்றாள். "கடையிலிருந்து இல்ல. நான் சாந்தாமணி. அக்கா பேசறன்டா."

அந்தப் பக்கம் பெரிய மிஷின் ஏதோ ஓடுகிற சத்தம் கேட்டது. அவன் நடந்து எங்கோ வெளியே வருவதும், ஒரு கதவு சாத்துவதும், சத்தம் அடங்குவதும் கேட்டது. வைத்துவிடுவான், இதோ வைத்துவிடுவான் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வூட்ல கிரைண்டரே இல்லக்கா" என்றான்.